நாலாவது கோடு

தண்ணீர் பம்பு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர் ‘பத்தாது’. ஸ்டோருக்குப் பொறுப்பாளர் அவர். போல்ட் இருக்கிறதா, ஒயர் இருக்கிறதா, பெட்டி ஒட்டும் டேப் இருக்கிறதா என்று யார் வந்து கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒன்றுதான்: “இருக்கு, ஆனா பத்தாது.” கேட்டவர் முகம் வாடியதும் உள்ளே போய், கேட்டதற்கு மேல் இரண்டு சேர்த்தே எடுத்து வந்து கொடுப்பார். முதலிலேயே அதைக் கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று ஃபிட்டர்கள் முணுமுணுப்பார்கள். அவருக்கு அது முடியாது. வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

பத்தொன்பது வருஷமாக ஸ்டோர் அவர் கையில். பொருள் இல்லை என்ற காரணத்தால் அசெம்பிளி லைன் இந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை. மின்சாரம் போய் நின்றிருக்கிறது. கன்வேயர் பெல்ட் அறுந்து நின்றிருக்கிறது. இரண்டு ஃபிட்டர்கள் கைகலப்பில் இறங்கி ஒரு மணி நேரம் நின்றிருக்கிறது. ஸ்டோரால் நின்றதில்லை. லைன் தொடங்குகிற இடத்தில் ஒரு கரும்பலகை உண்டு. எப்போது, யாரால், எவ்வளவு நேரம் நின்றது என்று அதில் எழுதுவார்கள். ‘ஸ்டோர்’ என்று போட்ட கட்டம் மட்டும் வெறுமையாக, தூசி படிந்து கிடக்கும். காலையில் அந்தக் கட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அவர் செருப்பைக் கழற்றி ஷூவை மாட்டுவார்.

வீட்டிலும் இதே கதைதான். பரண் முழுக்க சோப்பு, பல்பு, தீப்பெட்டி, கொடிக்கயிறு. “இந்த சோப்பையெல்லாம் நாம குளிச்சுத் தீர்க்கணும்னா நூத்திருபது வயசு வரைக்கும் இருக்கணும்ங்க. அதுவும் தினம் ரெண்டு வேளை குளிக்கணும்” என்பாள் மனைவி.

“வச்சது என்ன, கெட்டா போகப் போகுது?” என்பார் இவர்.

அந்த வருஷம் மேனேஜர் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அம்மாவை அழைத்து வந்தார். மூலப்பொருள் கிளம்புகிற இடத்திலிருந்து கடை வரைக்கும் ஒரு பொருள் எத்தனை கை மாறுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வற்றிப்போகிறது என்று ஆராய்வது அந்த அம்மாவின் வேலை. “விநியோகச் சங்கிலி ஆராய்ச்சி” என்று மேனேஜர் அறிமுகம் செய்தார்.

“சங்கிலியா? யாரைக் கட்டறதுக்கு?” என்றார் பத்தாது. சிரித்தது ஆராய்ச்சிக்காரம்மா மட்டும்தான்.

அவருக்கும் இவர் வயசுதான் இருக்கும், ஐம்பதை ஒட்டி. ஒரு முழங்கால் சரியில்லை. ஏணிப்படியைப் பார்த்தால் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார். துணிப்பையில் சாப்பாட்டு டப்பா, அளவு டேப், கட்டுக் கட்டாகக் கோடு போட்ட தாள். ஸ்டோரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பம்பில் இருக்கிற அத்தனை உதிரிபாகங்களையும் விட்டுவிட்டு, ஒரு ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டார். சின்ன வளையம், கட்டை விரலில் நுழையாது. ஒரு பம்புக்கு நாலு. அது இல்லாவிட்டால் தண்ணீர் ஒழுகும். அது இல்லாமல் பம்பை மூட முடியாது.

“ஒரு நாளைக்கு எத்தனை வளையம் செலவாகுதுங்க?”

“நாலாயிரத்து நானூறு.”

“ஆயிரம் பம்புதானே செய்றீங்க?”

“ஆமா.”

“நாலாயிரம்தானே வருது?”

“கீழ விழும், உருண்டு ஓடும், மெஷின் அடியில போகும்” என்றார். சொல்லும்போதே காது மடல் சூடானது. நானூறு வளையம் தினமும் உருண்டு ஓடினால் தொழிற்சாலையில் யாரும் நிமிர்ந்து நடக்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்த அம்மா எழுதிக்கொண்டார். பத்தாது நகர்ந்து போய் ஆறாவது ராக்கின் முன்னால் நின்றுகொண்டார்.

விஷயம் இதுதான். ஆறாவது ராக்குக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, தகரத் தடுப்பு வைத்து மறைத்த ஒரு இடம் இருந்தது. வெளியே ‘பழைய லேபிள், தொடாதே’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார். உள்ளே இருந்தது லேபிள் அல்ல, வளையம். லைனுக்கு நாலாயிரம் கொடுத்தால் நாலாயிரத்து நானூறு கொடுத்ததாகக் கம்ப்யூட்டரில் போடுவார். மிச்சம் தடுப்புக்குப் பின்னால் போகும். ஒரு வளையம்கூட வெளி வாசலைத் தாண்டியதில்லை. எல்லாம் லைனுக்காகத்தான். ஏனென்றால் வளையம் செய்கிற பட்டறையை நம்ப முடியாது. கேட்ட தேதிக்குத் தரமாட்டார்கள். இன்றைக்கு, நாளைக்கு என்று இழுப்பார்கள். அதனால் இவர் ஒரேயடியாக இரண்டு லட்சம், இரண்டரை லட்சம் என்று கேட்பார். எல்லாம் மொத்தமாக வந்து இறங்கியதும் இரண்டு மாசம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். திரும்பவும் இழுப்பார்கள். திரும்பவும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கேட்பார். இடையில் வற்றிப்போனால் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டி வரும், லைன் ஓடும், பலகையின் கட்டம் வெறுமையாகவே இருக்கும்.

அந்தப் பட்டறையில்தான் அவருடைய தங்கையும் வேலை பார்த்தாள்.

அச்சிலிருந்து வரும் வளையத்தின் விளிம்பில் மெல்லிய பிசிறு நிற்கும். அதை வளைந்த கத்தரியால் சுற்றி வெட்டி எடுக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. நாள் முழுக்க வெட்டி வெட்டி விரல் நுனியெல்லாம் கருத்து, எத்தனை கழுவினாலும் ரப்பர் வாசனை போகாது. அண்ணன் வீட்டிலிருந்து ஐந்து தெரு தள்ளி, மாடியில் இரண்டு அறையில், பள்ளிக்கூடக் கடைசி வருஷம் படிக்கும் மகளோடு இருந்தாள். வேலை இருக்கும் மாசத்தில் அவளைப் பார்ப்பதே அரிது. வேலை இல்லாத மாசத்தில், “சும்மா உக்காந்தா கை அரிக்குது அண்ணி” என்று வந்து, இவர்கள் வீட்டு சமையல் அலமாரியைத் தலைகீழாக மாற்றி அடுக்குவாள். மனைவிக்கு அதில் பல்லைக் கடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வேலை இல்லாமல் இருப்பவளைத் திட்டவும் முடியாது, டம்ளர் எங்கே என்று தெரியாமல் இருக்கவும் முடியாது.

இந்தத் தடவை அவள் சொல்லிவிட்டுப் போன செய்தி வேறு மாதிரி. பட்டறை முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. ஆள் எடுப்பதும் நிறுத்துவதுமாக அலுத்துவிட்டதாம். அடுத்த இடைவெளி வந்தால் பிசிறு வெட்டும் பெஞ்சையே எடுத்துவிட்டு, வெளியூரில் கொடுத்து வெட்டி வாங்கிக்கொள்வாராம். அப்படி ஆனால் மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, தூரத்து ஊரில் விடுதி ஒன்றில் துப்புரவு வேலைக்குப் போவதாகத் தங்கை பேசி வைத்திருந்தாள்.

“அந்த ஆளுக்குத் திட்டம் போடத் தெரியல. அதான் இந்த அழகு” என்று பத்தாது பட்டறைக்காரரைத் திட்டித் தீர்த்தார்.

மூன்று வாரம் கழித்து ஆராய்ச்சிக்காரம்மா கேன்டீன் சுவரில் நீளமாக ஒரு தாளை ஒட்டினார். இரண்டு வருஷம், மாசம் மாசமாக. ஒன்றின் கீழ் ஒன்றாக நாலு கோடு. முதல் கோடு கடைகளில் விற்ற பம்பு. இரண்டாவது, தொழிற்சாலையில் செய்த பம்பு. மூன்றாவது, ஸ்டோர் கேட்ட வளையம். நாலாவது, பட்டறை செய்த வளையம். அதைப் பட்டறையின் ஆள் வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்திருந்தார். எந்த மாசம் எத்தனை பேர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்று சின்னதாக அடியில் எண்.

முதல் கோடு கிட்டத்தட்டத் தரை. வெயில் காலத்தில் ஒரு மேடு, அவ்வளவுதான். இரண்டாவது கோடு லேசாக அலைந்தது. மூன்றாவது ஏறி இறங்கியது. நாலாவது கோட்டைப் பார்த்தால் மலையும் பள்ளமும்தான்.

சாப்பிட வந்தவர்கள் சுற்றி நின்றார்கள்.

“இது யாரோட ரத்த அழுத்தம்?” என்றான் ஒரு வெல்டர்.

“மேல இருக்கறது மேனேஜரோடது. கீழ இருக்கறது அவர் வீட்டம்மாவோடது” என்றான் இன்னொருவன்.

“ஜனங்க பம்பு வாங்கறதுல பெரிய ஏற்ற இறக்கம் இல்ல. கடையிலிருந்து தள்ளிப் போகப் போக ஆட்டம் பெருசாகுது” என்றார் அந்த அம்மா. “யாரும் தப்பு பண்ணணும்னு பண்ணல. ஒவ்வொருத்தரும் பத்திரத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக் கேக்கறாங்க. அப்புறம் கொஞ்ச நாள் கேக்காம இருக்காங்க. எல்லா இடத்துலயும் பாக்கறதுதான்.”

யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. பத்தாது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாலாவது கோட்டின் பள்ளங்களைப் பார்த்தார். போன வருஷம் மூன்றாம் மாசம், பெஞ்சில் இரண்டு பேர். எட்டாம் மாசம், ஒருத்தரும் இல்லை. இந்த வருஷம் இரண்டாம் மாசம், இரண்டு பேர். ஏழாம் மாசம், யாரும் இல்லை. எங்கேயோ பார்த்த தேதிகளாக இருந்தன. சோறு ஆறிப்போன பிறகுதான் விளங்கியது.

தொழிற்சாலை ஷூவைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

“இந்த அலமாரியை அவ எப்பெப்ப மாத்தி வச்சா?”

“ஏன், இப்ப திரும்ப மாத்தப் போறீங்களா?”

“சொல்லேன்.”

மனைவி விரல் விட்டு எண்ணினாள். அதெல்லாம் அவளுக்கு மறக்காது. “போன வருஷம் பரீட்சை சமயத்துல ஒரு தடவை. அப்பதான் சர்க்கரை டப்பா மேல் தட்டுக்குப் போச்சு. அப்புறம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆச்சே, எட்டாம் மாசம், நான் படுத்திருக்கும்போது மொத்தத்தையும் இறக்கினா. இந்த வருஷம் ரெண்டாம் மாசம். கடைசியா ஏழாம் மாசம், டம்ளரெல்லாம் ஜன்னல் பக்கம் போச்சு. எதுக்குக் கேக்கறீங்க?”

நாலும் சரியாக இருந்தது. சுவரில் இருந்த நாலு பள்ளமும் அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் மூன்றாவது கோட்டில் ஒரு மேடு. அந்த மேடு அவர் எழுதிய ஆர்டர் சீட்டு.

“ஒண்ணுமில்ல” என்றார். மனைவி நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வந்தாள். கடைசியாகக் கொடுத்த பெரிய ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் வேலை இருந்தது. ஆனால் இன்னும் பத்து நாளில் முடிந்துவிடும் என்றாள். அதற்கப்புறம் தெரியாது. கூட வந்த அவள் மகள் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பட்டாணி உரித்தார்கள். பத்தாது ஒரு தோலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, தடுப்புக்குப் பின்னால் இருக்கும் பெட்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். மனைவிக்கே அது புதுச் செய்தி.

தங்கை உரிப்பதை நிறுத்தினாள்.

“அப்ப இந்த ரெண்டு வருஷமா நான் நாலு தடவை வீட்ல உக்காந்ததுக்கு நீதான் காரணமா?”

“நான் வேணும்னு செய்யல.”

“வேணும்னு செஞ்சா சண்டையாவது போடலாம்! எங்க முதலாளி வயித்தெரிச்சல் என்ன தெரியுமா? ‘அந்தக் கம்பெனியில ஒரு மகாராஜா உக்காந்திருக்கான், நெனச்சா கேப்பான், நெனச்சா விடுவான்’னு தினம் சொல்வார். நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன் அண்ணா. பெஞ்சுல ஆறு பேரும் திட்டுவோம். உன்னையா நான் திட்டிட்டு இருந்தேன்?”

“நல்லாத் திட்டினியா?” என்றாள் மனைவி.

“உங்களுக்கும் சேர்த்துத் திட்டியிருக்கேன் அண்ணி.”

சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் பாதி, சிரிப்பு பாதி. பத்தாது கையிலிருந்த தோலை மேஜைமேல் போட்டார். பிறகு, தன் பக்கம் ஒரு நியாயமாவது இருக்கட்டும் என்று,

“உங்க பட்டறைக்காரர் சொன்ன தேதிக்குத் தந்திருந்தா நான் ஏன் சேர்த்துக் கேக்கப் போறேன்? முதல் லட்சம் சரியா வரும். கடைசி ஐம்பதாயிரம் மட்டும் ஆடி அசைஞ்சு வரும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அது ஏன்னு கேளு உன் முதலாளிய” என்றார்.

தங்கை பட்டாணியை விரலால் தள்ளித் தள்ளி ஒரு வரிசையாக வைத்தாள். அப்புறம் கலைத்தாள்.

“முதலாளியைக் கேக்க வேண்டாம். என்னையே கேளு.”

“என்ன?”

“குவியல் பெருசா இருக்கும்போது கை பறக்கும் அண்ணா. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஆயிரம்கூட வெட்டுவோம். கூடையில அடி தெரிய ஆரம்பிச்சா எல்லாருக்கும் தெரியும், இது முடிஞ்சா வீட்டுக்குன்னு. யாரும் யார்கிட்டயும் பேசி வச்சுக்கறது இல்ல. கை தானா மெதுவாகும். கத்தரி மழுங்கிடுச்சுன்னு ஒருத்தி எழுந்து போவா. நான் ஒரே வளையத்தை ரெண்டு தடவை பார்ப்பேன். ஆறு நாள் வேலையைப் பன்னிரண்டு நாளாக்குவோம். ஒரு வாரம் சேர்ந்து கிடைக்குமே.”

உள்ளறையில் மகள் பாடத்தைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நீ மெதுவாப் பண்றே, அதனால நான் சேர்த்துக் கேக்கறேன்” என்றார் பத்தாது.

“நீ சேர்த்துக் கேட்டுட்டு நிறுத்தறே, அதனால நான் மெதுவாப் பண்றேன்.”

“அண்ணனும் தங்கையும் நல்லாக் கைகோத்துத்தான் வேலை பாத்திருக்கீங்க” என்றாள் மனைவி. “ரெண்டு பேரும் சேர்ந்து என் சர்க்கரை டப்பாவை மேல ஏத்தியிருக்கீங்க.”

திங்கட்கிழமை காலை அவர் ஆராய்ச்சிக்காரம்மாவை ஆறாவது ராக்குக்குப் பின்னால் கூட்டிப் போனார். தகரத்தை நகர்த்தினார். முப்பத்தொரு பெட்டி, பெட்டிக்கு ஐயாயிரம். ஆறரை வாரத்துக்குப் போதும். அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை.

“நான் போன இடத்துலயெல்லாம் இப்படி ஒண்ணு உண்டுங்க. நானே கண்டுபிடிச்சதுதான் அதிகம். கூட்டிட்டு வந்து காட்டினவர் நீங்கதான் முதல்.”

சுவரோரமாக இருந்த பெட்டிகளைப் பத்தாது இறக்கினார். அவசரத்துக்கு எடுக்கும்போதெல்லாம் முன்னால் கைக்கு எட்டுவதைத்தான் எடுப்பார். பின்னால் இருந்தவை வருஷக்கணக்காக அங்கேயே. ஒரு வளையத்தை எடுத்து இழுத்தார். அது நீளவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார்; உலர்ந்த சுள்ளி மாதிரி ஒடிந்தது. அடுத்ததும் அப்படியே. ஒன்பது பெட்டி, நாற்பத்தையாயிரம் வளையம், இறுகிப்போய்க் கிடந்தன. ரப்பருக்கு வயசு உண்டு என்பது அவருக்குத் தெரியாதது இல்லை. தான் எடுத்து வைத்த ரப்பருக்கும் வயசு உண்டு என்று நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதில் எத்தனை வளையத்தின் பிசிறைத் தங்கை சுற்றி வெட்டியிருப்பாளோ.

மேனேஜர் வந்து பார்த்தார். முதலில் கத்தினார். பொய்யாகச் செலவு எழுதியதற்கு எழுத்தில் எச்சரிக்கை தருவேன் என்றார், தரவும் செய்தார். பிறகு பெட்டிகளை எண்ணினார்.

“கெட்டது போக இருபத்திரண்டு பெட்டி. நாலரை வாரச் சரக்கு. சரி, நாலரை வாரத்துக்கு ஆர்டரை நிறுத்துங்க. கணக்கு நேராயிடும்.”

இவ்வளவு நாளாக அவரே செய்துவந்த காரியம்தான் அது. அதை இன்னொருத்தர் வாயால் கேட்கும்போது எவ்வளவு சுளுவாக இருக்கிறது என்று பத்தாதுவுக்குத் தோன்றியது.

“நிறுத்தக் கூடாது சார்.”

“ஏன்?”

“நிறுத்தினா அங்க பெஞ்சை எடுத்துடுவாங்க. அப்புறம் நாம திரும்பிப் போறப்ப கை தெரிஞ்ச ஆள் இருக்காது. தெரியாத கை வெட்டினா விளிம்புல பிசிறு நிக்கும், பம்பு ஒழுகும்.”

“உங்க தங்கச்சி அங்க இருக்காங்க இல்ல?”

கேள்வி இந்த இடத்துக்கு வரும் என்று தெரிந்துதான் அவர் வந்திருந்தார். “இருக்கா சார். அவளுக்காகவும்தான் சொல்றேன். அவ இல்லேன்னாலும் இதைத்தான் சொல்லணும். வாரா வாரம் இருபத்துநாலாயிரம் நமக்கு உண்மையா வேணும். இருபதாயிரம் மட்டும் கேப்போம். மிச்ச நாலாயிரம் இந்தப் பெட்டியிலிருந்து. ஆறு மாசத்துல தடுப்பு காலியாயிடும். அதுக்கப்புறம் இருபத்துநாலு. கூடவும் வேண்டாம், குறைவும் வேண்டாம். ராக்குல ரெண்டு பெட்டி மட்டும் எப்பவும் இருக்கும், எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி.”

“ரெண்டு பெட்டின்னா ரெண்டரை நாள். லாரி வரலேன்னா?”

“லைன் நிக்கும்.”

அந்த வார்த்தையை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. மேனேஜர் ஆராய்ச்சிக்காரம்மாவைப் பார்த்தார்.

“என்னைப் பாக்காதீங்க சார். நல்லா நடந்தாலும் எனக்கு ஒரு கட்டுரை கிடைக்கும். கெட்டுப்போச்சுன்னா இன்னும் நல்ல கட்டுரை கிடைக்கும்” என்று அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். “ஆனா இவர் சொல்ற எண் சரியா இருக்கு.”

“நின்னா உங்க கட்டத்துலதான் எழுதுவேன்” என்றார் மேனேஜர்.

“எழுதுங்க.”

தங்கை ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். “வாரத்துக்கு இவ்வளவுன்னு ஆறு மாசத்துக்கும், அதுக்கப்புறத்துக்கும் எழுதின தாளை முதலாளி டிராயர்ல பூட்டி வைக்கக் கூடாது. எங்க பெஞ்சுக்கு நேரா, சுவத்துல ஒட்டணும். கூடையில அடி தெரியும்போது நாங்க நிமிர்ந்து பார்க்க ஒண்ணு வேணும்.” ஒட்டினார்கள். அதோடு எல்லாம் மாறிவிடவில்லை. முதல் மாசம் கை மெதுவாகத்தான் இருந்தது. எழுதின தாளையெல்லாம் நம்பி ஏமாந்தவர்கள் அவர்கள். ஒன்பதாவது வாரத்தில்தான் சரக்கு சொன்ன கிழமையில் வந்தது, பத்தாவது வாரத்திலும் வந்தது. பெரிய ஆர்டர் வரும்போது மட்டும் கூடுதலாக வந்து உட்கார்ந்த நாலு பெண்களைப் பட்டறைக்காரர் அதற்கப்புறம் கூப்பிடவே இல்லை. அந்தச் செய்தியைத் தங்கைதான் சொன்னாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

தடுப்புக்குப் பின்னால் பெட்டி குறைந்துகொண்டே வந்தது. கடைசிப் பெட்டி தீர்ந்த அன்று தகரத்தையும் எடுத்துவிட்டார். சுவரில் பெட்டிகள் சாய்ந்திருந்த அளவுக்கு வெளுப்பாக ஒரு சதுரம். அதன் பிறகு சில நாள் அவருக்குத் தூக்கம் சரியில்லை. மனைவி சொல்லித்தான் அது அவருக்கே தெரிந்தது.

புது ஏற்பாடு தொடங்கிய ஏழாவது மாசத்தில் ஒரு புதன்கிழமை அது நடந்தது. பட்டறையில் அச்சைச் சூடாக்கும் கருவி எரிந்துபோய், திங்கட்கிழமை வர வேண்டிய சரக்கு வரவில்லை. ராக்கில் இருந்த இரண்டு பெட்டியில் திங்கள் ஓடியது, செவ்வாய் ஓடியது. புதன் மத்தியானம் கடைசிப் பிடி வளையத்தை அவரே தட்டில் போட்டு எடுத்துப் போய் லைனில் வைத்தார். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. லைன் கிளம்பவில்லை.

நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வெல்டர் மட்டும் பக்கத்தில் வந்து, “அண்ணே, இருக்கு ஆனா பத்தாதா?” என்றான்.

“இல்லடா” என்றார். “இல்லவே இல்ல.”

லாரி வாசலில் திரும்பியபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. மேனேஜர் சாக்பீஸை எடுத்து, ‘ஸ்டோர்’ கட்டத்தில் தூசியைக் கையால் தட்டிவிட்டு, நாற்பது என்று எழுதினார். பத்தாது கூடவே நின்று பார்த்தார். உலகம் இடிந்து விழவில்லை. அன்றைக்கு வர வேண்டிய பம்பில் எண்பத்துச் சொச்சம் மறுநாள் வந்தது. ஆனால் பத்தொன்பது வருஷம் போனது போனதுதான். அதை அவர் லேசாக எடுத்துக்கொண்டதாகச் சொன்னால் பொய்.

மாலையில் அடுத்த வாரத்துக்கான சீட்டை எழுத உட்கார்ந்தார். பேனா தானாக இருபத்தெட்டாயிரம் என்று எழுதியது. நாலாயிரம்தானே. ஒரே ஒரு வாரம்தானே. பேனாவை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தங்கை. பின்னணியில் பஸ் சத்தம்.

“அண்ணா, எங்களால உங்க லைன் நின்னுடுச்சாமே?”

“நாப்பது நிமிஷம்.”

“அந்த ஹீட்டர் சரியாறவரைக்கும் உக்காந்திருந்துட்டு, அப்புறம் சாப்பிடக்கூட எழுந்திருக்கல நாங்க. ஆறு பேரும். விரல் வீங்கிப்போச்சு. ஒருத்தி ‘அங்க மகாராஜா தவிச்சிட்டிருப்பாரு, வெட்டுங்கடி’ன்னு கத்தறா. உன்னைத்தான்.” மூச்சு வாங்கினாள். “திட்டினாங்களா?”

“பலகையில எழுதிட்டாங்க.”

பஸ் எங்கோ நின்று மறுபடி கிளம்பியது. தங்கை கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது என்று தேடுவது இங்கே வரை தெரிந்தது.

“அடுத்த வாரம் சேர்த்துக் கேப்பியா?”

அவர் சீட்டைப் பார்த்தார்.

“அண்ணா?”

“நீ வீட்டுக்குப் போய்க் கையை வெந்நீர்ல வை” என்றார். சீட்டைக் கிழித்து, புதுச் சீட்டு ஒன்றை எடுத்து, இந்தத் தடவை நிதானமாக, இருபத்துநாலாயிரம் என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதினார். “சுவத்துல என்ன எழுதியிருக்கோ, அதான்.”

“சரி” என்றாள். அப்புறம், “ஞாயித்துக்கிழமை வர முடியாதுன்னு அண்ணிகிட்ட சொல்லிடு. ஆறு மாசமா ஒரு நாள் சேர்ந்தாப்பல ஓய்வு கிடைக்கல, அன்னைக்காவது தூங்கணும்” என்று அலுத்துக்கொண்டே போனை வைத்தாள்.

வீட்டில் இவர் தண்ணீர் கேட்டபோது, மனைவி அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பின்னால் கையை நீட்டி, இன்னும் அதே ஜன்னல் பக்கம் இருந்த டம்ளரை எடுத்துக் கொடுத்தாள்.